சர்வருக்கு சர்வர் கோப்பு நகல்: கம்ப்ரெஷனை எங்கே போடுவது, எங்கே விடுவது – முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அலுவலகம், நகல் சர்வர் புதுச்சேரி லாஸ்பேட்டையில். நடுவே இரண்டு பக்கமும் சாதாரண ஃபைபர் இணைப்பு. நம் பக்கத்துச் சின்ன நிறுவனங்களில் அடிக்கடி பார்க்கும் அமைப்பு இது. இரவு ஒன்பதுக்கு மேல் கடலூர் சர்வரில் அன்றைக்கு மாறிய கோப்புகள் புதுச்சேரிக்குப் போக வேண்டும், காலையில் கடை திறப்பதற்குள் முடிந்திருக்க வேண்டும். கோப்புகள் பெருகப் பெருக ஒருநாள் அது காலைக்குள் முடியாமல் போகும். அப்போதுதான் எல்லாரும் கேட்பார்கள்: கம்ப்ரெஷன், அதாவது கோப்பைச் சுருக்கி அனுப்புவது, அதைப் போட்டால் வேகமாகப் போகுமா?

போகும். சில நேரம் நாலு மடங்கு வேகமாக. சில நேரம் போடாமல் விட்டதைவிட மெதுவாக. எது என்பது உங்கள் வயர் (இணைப்பின் வேகம்), உங்கள் கோப்பு, உங்கள் செயலி (சர்வரின் சிபியு) மூன்றையும் பொறுத்தது. இந்த மூன்றையும் அளக்க ஒரு மாலைப்பொழுது போதும். அளக்காமல் ஆப்ஷனைத் தட்டிவிட்டு ஆறு மாதம் புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகிற வழியில் சுருக்குங்கள். கோப்பையே சுருக்கி வைத்துவிட்டு அதை அனுப்பாதீர்கள். காரணம் ஐந்தாம் படியில் வருகிறது, பெரிய லாபமும் அங்கேதான் இருக்கிறது.

கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: வயரை அளங்கள்

இணைப்பு கொடுப்பவர் சொல்லும் எண் மெகாபிட்டில் இருக்கும். நம் கோப்புகள் மெகாபைட்டில். எட்டால் வகுக்க வேண்டும். இரவு நகலுக்கு உங்களுக்குத் தேவைப்படுவது கடலூர் பக்கத்து அப்லோட் வேகம், டவுன்லோட் அல்ல. 100 மெகாபிட் திட்டம் என்று வாங்கியிருப்பார்கள், அப்லோட் 20 மெகாபிட்தான் இருக்கும். அப்படியென்றால் வினாடிக்கு 2.5 மெகாபைட். 10 ஜிபி அனுப்ப 4,000 வினாடி, ஒரு மணி ஏழு நிமிடம் போல.

வேகச் சோதனைத் தளங்களை நம்ப வேண்டாம். அவை உங்களுக்கும் அவர்கள் சர்வருக்கும் நடுவே உள்ள வேகத்தைக் காட்டும். ஐபெர்ஃப்3 என்ற கருவியைப் புதுச்சேரி சர்வரில் சர்வர் முறையில் ஓடவிட்டு, கடலூரிலிருந்து கிளையன்ட் முறையில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பகலில் ஒரு தடவை, நகல் ஓடப்போகிற நேரத்தில் ஒரு தடவை. இரண்டும் வேறு வேறாக வந்தால் ராத்திரி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

வட்டையும் ஒரு பார்வை பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் பெரிய கோப்பு என்றால் வினாடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். அதே டிஸ்க்கில் லட்சக்கணக்கில் பொடிக் கோப்புகள் என்றால் சில மெகாபைட்டுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் கம்ப்ரெஷன் உதவாது, பிரச்சினை வேறு இடத்தில்.

படி 2: கோப்புறையில் என்ன இருக்கிறது?

எல்லாக் கோப்பும் ஒரே மாதிரி சுருங்காது. லாக் கோப்பு, சிஎஸ்வி, எஸ்க்யூஎல் டம்ப் (டேட்டாபேஸை எழுத்தாகக் கொட்டிய கோப்பு), எக்ஸ்எம்எல் போன்ற எழுத்து வகைகளில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும், அதனால் பாதிக்கும் கீழே, பல நேரம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். ஜேபெக் படம், எம்பி4 வீடியோ, எம்பி3, ஜிப் எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மறுபடி சுருக்கப் பார்ப்பது, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலிருந்து வந்த கரும்புச் சக்கையைத் தெருவோர ஜூஸ் மிஷினில் விடுவது மாதிரி. மிஷின் சுற்றும், கரண்ட் போகும், டம்ளரில் ஒன்றும் விழாது.

இதில் பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இப்போதைய வேர்ட், எக்செல் கோப்புகள் உள்ளே ஜிப்தான். பெயரை மாற்றித் திறந்து பார்த்தால் தெரியும். பிடிஎஃப்பும் பெரும்பாலும் உள்ளுக்குள் சுருக்கப்பட்டதுதான். ஆக ‘எங்களிடம் எல்லாம் ஆவணங்கள்தான், நன்றாகச் சுருங்கும்’ என்ற நினைப்பு சரிவராது. டிஃப் படங்களில் இரண்டு ரகம் இருக்கிறது. புதுச்சேரியில் பழைய பத்திரங்களையும் ஓலைச்சுவடிகளையும் ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்களிடம் சுருக்காத டிஃப் கோப்புகள் மலையாக இருக்கும். கறுப்பு வெள்ளை ஸ்கேன் என்றால் அமோகமாகச் சுருங்கும். வண்ண ஸ்கேன் என்றால் கொஞ்சம்தான்.

என்க்ரிப்ட் செய்து, அதாவது ரகசியக் குறியீட்டில் பூட்டி, வைத்த கோப்பு சுருங்கவே சுருங்காது. என்க்ரிப்ஷன் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கே அதுதான் அடையாளம். சுருக்குவதாக இருந்தால் பூட்டுவதற்கு முன்னால் சுருக்க வேண்டும்.

ஊகத்தை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். இசட்ஸ்டாண்டர்ட் என்ற சுருக்கும் கருவியிலேயே சோதனை முறை இருக்கிறது. கட்டளையில் இசட்எஸ்டிடி, அதன் பின் ‘-பி1 -இ9’ (பெஞ்ச்மார்க்கின் பி, எண்டின் இ), பிறகு ஒரு கோப்பின் பெயர். 1 முதல் 9 வரை ஒவ்வொரு நிலையிலும் (நிலை கூடக் கூட அதிகம் சுருக்கும், மெதுவாக ஓடும்) எவ்வளவு சுருங்கியது, சுருக்கிய வேகம், விரித்த வேகம் என வரிவரியாகக் காட்டும். வட்டில் எதையும் எழுதாது. உங்கள் கோப்புறையிலிருந்து வகைக்கு ஒன்றாக எடுத்து ஓட்டி, எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல டெஸ்க்டாப்பில் அல்ல, கடலூரில் மூலையில் உட்கார்ந்திருக்கும் அதே சர்வரில் ஓட்ட வேண்டும். மலிவான நாஸ் பெட்டிகளின் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) செயலி ரொம்பப் பலவீனம். அவற்றில் வரும் எண் உங்களை ஆச்சரியப்படுத்தலாம்.

படி 3: ஒரு சின்னக் கணக்கு

நகல் போகும் வேகத்தை மூன்று எண்களில் எது குறைவோ அது தீர்மானிக்கிறது. ஒன்று, வட்டு படிக்கும் வேகம். இரண்டு, செயலி சுருக்கும் வேகம். மூன்று, வயர் வேகத்தைச் சுருக்க விகிதத்தால் பெருக்கினால் வருவது.

உதாரணத்துக்கு வயர் 2.5 மெகாபைட், கோப்பு நாலில் ஒன்றாகச் சுருங்குகிறது, பழைய செயலி இசட்லிப் என்ற பழைய சுருக்கு முறையில் வினாடிக்கு 30 மெகாபைட் சுருக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது எண் 10. அதுதான் குறைவு. ஆக 2.5-ல் போய்க்கொண்டிருந்தது 10-ல் போகும். ஒரு மணி ஏழு நிமிடம் பதினேழு நிமிடமாகிவிடும். செயலிக்கு இன்னும் மூச்சு மிச்சம் இருக்கிறது, அதனால் நிலையைக் கூட்டிப் பார்க்கலாம்.

அதே சர்வரை ஒரே கட்டடத்துக்குள் ஒரு கிகாபிட் வயரில் போடுங்கள். வயர் வெறுமனேயே வினாடிக்கு 125 மெகாபைட் வரை தாங்கும். இப்போது குறைவான எண் செயலியின் 30. சுருக்காமல் அனுப்பினால் வயரும் வட்டும் அனுமதிக்கும் வேகத்தில் போயிருக்கும், சுருக்கியதால் 30-க்கு வந்துவிட்டது. ‘கம்ப்ரெஷன் போட்டோம், மெதுவாகிவிட்டது’ என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

வேகமான வயரிலும் சுருக்கம் பலன் தர வேண்டுமானால் முறையை மாற்ற வேண்டும். ஜீஜிப் என்ற சுருக்கும் கருவி 1992-ல் வந்தது. அதன் அடியில் இருக்கும் டிஃப்ளேட் முறைதான் இசட்லிப்பிலும். எல்இசட்4 2011-லும், இசட்ஸ்டாண்டர்டின் 1.0 பதிப்பு 2016-லும் வந்தன. இரண்டையும் எழுதியவர் யான் கோலே. இசட்ஸ்டாண்டர்ட் திட்டத்தார் வெளியிட்டிருக்கும் ஒப்பீட்டில், ஒரு டெஸ்க்டாப் செயலியில், சிலேசியா என்ற பொதுச் சோதனைத் தொகுப்பை வைத்து, இசட்லிப் முதல் நிலை ஏறத்தாழ 2.7 மடங்கு சுருக்கி வினாடிக்கு 100 மெகாபைட் பக்கம் ஓடுகிறது. இசட்ஸ்டாண்டர்ட் முதல் நிலை 2.9 மடங்கு சுருக்கி 500 பக்கம் ஓடுகிறது. எல்இசட்4 சுருக்குவது 2.1 மடங்குதான், ஆனால் இன்னும் வேகம். உங்கள் பெட்டியில் எண்கள் வேறாக இருக்கும், வரிசை ஏறக்குறைய இப்படித்தான்.

என் கைக்கணக்கு இது. 10 கிகாபிட் வயர் என்றால் ஒன்றும் போடாதீர்கள், அல்லது எல்இசட்4. ஒரு கிகாபிட் என்றால் இசட்ஸ்டாண்டர்ட் 1. நம் கடலூர்–புதுச்சேரி ஃபைபர் மாதிரி சில பத்து மெகாபிட் என்றால் இசட்ஸ்டாண்டர்ட் 6 முதல் 9 வரை. எக்ஸ்இசட் முறை இன்னும் சிறிதாகச் சுருக்கும், ஆனால் தினசரி நகலுக்கு அது ரொம்ப மெதுவு. வருடக் கடைசியில் கட்டி வைக்கும் பழைய கணக்குகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஆர்சிங்க் அமைப்பது

லினக்ஸில் இந்த வேலைக்கு ஆர்சிங்க் என்ற நகல் கருவிதான். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996-ல் வெளியிட்டது, இன்றைக்கும் இதை விஞ்ச ஆள் இல்லை. ஒரு கோப்பில் மாறிய பகுதியை மட்டும் கண்டுபிடித்து அனுப்புவதுதான் இதன் உயிர். கம்ப்ரெஷன் அதற்கு மேல் போடும் இரண்டாவது சேமிப்பு.

முதலில் இரு பக்கமும் பதிப்பைப் பாருங்கள். ஆர்சிங்க் ‘--வெர்ஷன்’ என்று தட்டினால் கீழே சுருக்கு முறைகளின் பட்டியல் வரும். 3.2.0 பதிப்பு 2020-ல் வந்தபோதுதான் இசட்ஸ்டாண்டர்டும் எல்இசட்4-ம் உள்ளே வந்தன. இரு பக்கமும் அதற்கு மேல் இருந்தால், சின்ன எழுத்து இசட் ஆப்ஷனை மட்டும் கொடுத்தால் போதும், இரண்டும் பேசிக்கொண்டு பொதுவான நல்ல முறையை எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் பழைய பதிப்பாக இருந்தால் சத்தமில்லாமல் இசட்லிப்புக்கு இறங்கிவிடும். சென்ற வருடம் வாங்கிய நாஸ் பெட்டியில்கூடப் பழைய ஆர்சிங்க் இருக்கலாம், எனவே ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

முறையை நீங்களே சொல்ல வேண்டுமானால் ‘--கம்ப்ரஸ்-சாய்ஸ்’ ஆப்ஷனில் இசட்எஸ்டிடி என்று கொடுங்கள். நிலைக்கு ‘--கம்ப்ரஸ்-லெவல்’. இசட்ஸ்டாண்டர்டில் ஒன்றும் சொல்லாவிட்டால் 3, இசட்லிப்பில் 6. எல்இசட்4-க்கு நிலை கிடையாது. இப்படி முறையைக் கட்டாயப்படுத்தினால், எதிர்ப்பக்கம் அது இல்லாதபோது நகல் பிழை காட்டி நின்றுவிடும். எனக்கு அதுதான் பிடிக்கும். மெதுவாக ஓடி ஏமாற்றுவதைவிட நின்று சொல்வது மேல்.

அடுத்து ‘--ஸ்கிப்-கம்ப்ரஸ்’. ஜேபெக், எம்பி4 போன்ற பின்னொட்டுள்ள கோப்புகளைச் சுருக்காமல் விடச் சொல்லும் ஆப்ஷன். பழைய வழிகாட்டிகள் எல்லாம் இதைத் தவறாமல் போடச் சொல்லும். இப்போதைய கையேட்டைத் திறந்து பாருங்கள், தற்போதுள்ள எந்தச் சுருக்கு முறையும் கோப்புக்குக் கோப்பு மாறிக்கொள்ள ஒத்துவராததால் இந்த ஆப்ஷனால் விளைவு இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நீளமான பட்டியலைக் கட்டளையில் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க.

அதற்கு மாற்று, இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் சுருக்கத்தைப் போட்டு, படம், வீடியோ, ஜிப் வகைகளை ‘--எக்ஸ்க்ளூட்’ மூலம் ஒதுக்கிவிடுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் சுருக்கமும் வேண்டாம், ஒதுக்கலும் வேண்டாம். முதல் ஓட்டத்தில் போன கோப்புகளின் அளவும் நேரமும் பொருந்துவதால் அவற்றைத் தொடாது, மிச்சத்தை மட்டும் அனுப்பும். ‘--டிலீட்’ ஆப்ஷனை இரண்டாவது ஓட்டத்தில் மட்டும் வையுங்கள். ஒதுக்கிய கோப்புகளை முதல் ஓட்டம் அழிக்காமல் காப்பாற்றும்தான், ஆனாலும் அழிக்கும் வேலை ஒரே இடத்தில் இருந்தால் பின்னால் குழப்பம் வராது. இசட்ஸ்டாண்டர்டின் கீழ் நிலைகள் சுருங்காத கோப்பைச் சட்டென்று உணர்ந்து அப்படியே விட்டுவிடும் என்பதால், செயலி ஓரளவு நல்லதாக இருந்தால் இந்த இரட்டை ஓட்டம் தேவையே இல்லை. இசட்லிப்பில் மாட்டிக்கொண்ட நாஸ் பெட்டிக்காரர்களுக்குத்தான் இது.

‘--பார்ஷியல்-டிர்’ கொடுத்து ஒரு தற்காலிகக் கோப்புறையைக் காட்டிவிடுங்கள், நடுவில் கரண்ட் போனாலும் பெரிய கோப்பை முதலிலிருந்து அனுப்ப வேண்டியிருக்காது. பகலில் ஓட்டினால் வேகத்துக்கு வரம்பு வைக்க ‘--பிடபிள்யூலிமிட்’. அந்த வரம்பு வயரில் போகும் சுருக்கிய பைட்டுகளுக்கு, அசல் கோப்பின் அளவுக்கு அல்ல.

கடைசியாக ‘--ஸ்டாட்ஸ்’. முடிவில் வரும் அந்தப் பத்துப் பதினைந்து வரிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும், வேறு கருவியே வேண்டாம். ஒரு ராத்திரி இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டோட்டல் ஃபைல் சைஸ் 10 ஜிபி, மேட்ச்ட் டேட்டா 2 ஜிபி, லிட்டரல் டேட்டா 400 எம்பி, டோட்டல் பைட்ஸ் சென்ட் 100 எம்பி. பத்தில் பெரும்பகுதி மாறவே இல்லை, அதனால் எந்தக் கணக்கிலும் வரவில்லை. மாறிய கோப்புகளுக்குள் 2 ஜிபி புதுச்சேரியில் ஏற்கெனவே இருந்த துண்டுகள். புதிதாக அனுப்ப வேண்டியிருந்தது 400 எம்பி. அது சுருங்கி 100 ஆகப் போயிருக்கிறது. கம்ப்ரெஷனின் பங்கு நாலு மடங்கு, அவ்வளவுதான். அடியில் ‘ஸ்பீடப்’ நூறுக்குப் பக்கத்தில் காட்டும். அதைப் பார்த்து ‘நூறு மடங்கு சுருக்குகிறது’ என்று மேலதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள். அது மொத்த அளவை வயரில் போய்வந்த பைட்டுகளால் வகுத்தது. சுருக்கம் போடாமலே அது இருபதுக்கு மேல் இருந்திருக்கும். கடலூர் அனுப்பாமல், புதுச்சேரி சர்வரே கோப்புகளை இழுத்துக்கொள்ளும் அமைப்பு என்றால் ‘சென்ட்’ வரிக்குப் பதில் ‘ரிசீவ்ட்’ வரியைப் பாருங்கள்.

இழுக்கும் அமைப்பையே நான் சிபாரிசு செய்வேன். கடலூர் சர்வரில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) புகுந்தால், புதுச்சேரிக்குள் நுழையும் சாவி அங்கே இருக்கக் கூடாது.

படி 5: டம்ப் கோப்புகள்

ராத்திரி எட்டு மணிக்கு க்ரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் வசதி) மூலம் டேட்டாபேஸ் டம்ப் எடுத்து, ஜீஜிப் போட்டு, தேதியைப் பெயரில் ஒட்டி, கோப்புறையில் வைப்பது நடைமுறை. பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ஆர்சிங்க்கின் உயிரை இரண்டு இடத்தில் எடுத்துவிடுகிறது.

முதலாவது ஜீஜிப். சுருக்கும்போது ஒவ்வொரு துண்டும் தனக்கு முன்னால் வந்ததைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. டம்பின் தொடக்கத்தில் ஒரு வாடிக்கையாளரின் போன் எண் மாறினால், அந்த இடத்துக்குப் பின்னால் வரும் சுருக்கிய பைட்டுகள் எல்லாமே வேறாகிவிடும். அசல் டம்பில் மாறியது பத்து எழுத்து. ஆர்சிங்க்குக்கோ முழுக் கோப்பும் புதிது. 3 ஜிபி டம்ப் 500 எம்பியாகச் சுருங்கியது என்று சந்தோஷப்படுவோம். சுருக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கு மாறிய 20 எம்பி மட்டும், அதுவும் வழியில் சுருங்கி 4 எம்பியாகப் போயிருக்கும்.

ஆகவே டம்பைச் சுருக்காமல் வையுங்கள். சுருக்கும் வேலையை வழியில் ஆர்சிங்க் பார்த்துக்கொள்ளும். வட்டில் இடம் இல்லை என்றால், ஜீஜிப்பிலும் இசட்ஸ்டாண்டர்டிலும் ‘--ஆர்சிங்க்கபிள்’ என்ற ஆப்ஷன் உண்டு. குறிப்பிட்ட இடைவெளிகளில் சுருக்கத்தைப் புதிதாகத் தொடங்கும், அதனால் ஒரு மாற்றம் அதன் அக்கம்பக்கத்தோடு நின்றுவிடும். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பொருட்படுத்தத் தேவையில்லை. குனூ ஜீஜிப்பில் இது 2016-ல் வந்த 1.7 பதிப்பிலிருந்து இருக்கிறது. இசட்ஸ்டாண்டர்டில் ‘--சிங்கிள்-த்ரெட்’ போட்டால் இது வேலை செய்யாது. இன்னொரு வழி, வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமையே உள்ளுக்குள் சுருக்குவது. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் எல்இசட்4 போட்டுவிட்டால் கோப்பு வெளியே சாதாரணமாகத் தெரியும், வட்டில் சுருங்கி இருக்கும். இரு பக்கமும் இசட்எஃப்எஸ் என்றால் ஆர்சிங்க்கை விட்டுவிட்டு, சென்ட் கட்டளையில் ‘-சி’ போட்டு, சுருக்கிய துண்டுகளை விரிக்காமலே அனுப்பலாம்.

இரண்டாவது, பெயர். ஆர்சிங்க் ஒப்பிடுவது மறுபக்கத்தில் அதே பெயரில் இருக்கும் கோப்போடு. இன்றைய தேதியில் ஒரு புதுப் பெயர் வந்தால் ஒப்பிட ஒன்றும் இல்லை, முழுதாக அனுப்பும். பெயரை மாற்றாமல் ஒரே பெயரில் டம்ப் எடுங்கள். பழையவற்றைச் சேமிக்கும் வேலையைப் புதுச்சேரி பக்கம் ஸ்னாப்ஷாட் (அந்தந்த நாளின் நிலையை அப்படியே பிடித்து வைப்பது) மூலம் செய்துகொள்ளலாம். பெயரில் தேதி இருந்தே தீர வேண்டும் என்றால் ‘--ஃபஸ்ஸி’ ஆப்ஷன், கிட்டத்தட்ட அதே பெயருள்ள கோப்பைத் தேடி ஒப்பிடும். பல நேரம் சரியாகப் பிடிக்கும், ஆனால் நான் பெயரையே நிலையாக வைக்கச் சொல்வேன்.

மைஎஸ்க்யூஎல்டம்ப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ‘--ஆர்டர்-பை-ப்ரைமரி’யும் சேர்க்கலாம். வரிசைகள் தினமும் ஒரே ஒழுங்கில் வந்தால் பொருந்தும் துண்டுகள் கூடும். டம்ப் எடுக்கக் கொஞ்சம் நேரம் அதிகமாகும்.

படி 6: இரண்டு தடவை சுருக்காதீர்கள்

ஆர்சிங்க் வழக்கமாகப் போகும் பூட்டிய பாதையான எஸ்எஸ்ஹெச்சிலும் தனியாக ஒரு கம்ப்ரெஷன் இருக்கிறது, பெரிய எழுத்து சி. அதுவும் ஆர்சிங்க்கின் இசட்டும் ஒன்றாக ஓடினால், ஒன்று சுருக்கியதை மற்றொன்று வீணாகச் சுருக்கப் பார்க்கும். ஆர்சிங்க்கின் இசட்டை வைத்துக்கொண்டு எஸ்எஸ்ஹெச்சில் நிறுத்துங்கள். எஸ்எஸ்ஹெச்சில் இயல்பாகவே அது நிறுத்தித்தான் இருக்கும். ஆனால் யாராவது முன்பு ஒருநாள் கான்ஃபிக் கோப்பில் ‘கம்ப்ரெஷன் எஸ்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். தேடிப் பாருங்கள். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே விபிஎன் (இணையத்தின் மேல் போடும் தனிப் பாதை) ஓடினால் அதில் ஏதாவது சுருக்கம் இருக்கிறதா என்றும் பார்த்து நிறுத்திவிடுங்கள்.

படி 7: முதல் நகல்

தினசரி மாற்றம் சில நூறு எம்பியாக இருக்கலாம். முதல் நாள் அனுப்ப வேண்டியது 2 டிபி. வினாடிக்கு 2.5 மெகாபைட்டில் அது 8 லட்சம் வினாடி, ஒன்பது நாளுக்கு மேல். பாதிக்குப் பாதி சுருங்கினாலும் நாலரை நாள், அதுவரை அலுவலகத்தில் வேறு யாரும் நெட்டைத் தொட முடியாது. கடலூர் பஸ் நிலையத்திலிருந்து புதுச்சேரி சுமார் 22 கிலோமீட்டர். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டினால் வந்தாயிற்று. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து, அதில் நகலெடுத்து, பையில் போட்டு பஸ் ஏறுங்கள். எந்தக் கம்ப்ரெஷனும் பஸ்ஸை ஜெயிக்காது.

கவனிக்க வேண்டியது கோப்புகளின் மாற்ற நேரம். டிஸ்க்கில் ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமை இருக்கட்டும். ‘-ஏ’ ஆப்ஷனோடு நகலெடுங்கள், அப்போதுதான் நேரமும் உரிமைகளும் அப்படியே போகும். நேரம் மாறிப்போனால், மறுநாள் ஆர்சிங்க் எல்லாக் கோப்பையும் திறந்து துண்டு துண்டாக ஒப்பிட உட்கார்ந்துவிடும். ஃபேட் வகை டிஸ்க் தவிர்க்க முடியாதது என்றால் அது நேரத்தை இரண்டு வினாடி அளவில்தான் குறிக்கும், எனவே ‘--மாடிஃபை-விண்டோ’வை 1 என்று கொடுங்கள்.

டிஸ்க் எடுத்துப்போக வழியில்லை, கோப்புகளும் பொடிப்பொடியாக லட்சக்கணக்கில் இருக்கின்றன என்றால், முதல் தடவைக்கு மட்டும், கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளை மூலம் ஒரே ஓடையாக்கி, இசட்ஸ்டாண்டர்டில் விட்டு, எஸ்எஸ்ஹெச் வழியே அனுப்பி, மறுபக்கம் விரித்துப் பிரிக்கலாம். இங்கே ‘-டி0’ (த்ரெட்டின் டி, பெரிய எழுத்து) செயலியின் எல்லாக் கோர்களையும் வேலைக்கு இழுக்கும். ‘--அடாப்ட்’ இன்னும் நல்ல ஆப்ஷன். வயர் அடைத்துக்கொண்டால் தானே நிலையைக் கூட்டும், செயலி திணறினால் குறைக்கும். மூன்றாம் படிக் கணக்கை அதுவே போட்டுக்கொள்கிறது. ஒரே மாதிரிக் கோப்புகள் தூரத் தூர இருந்தால் ‘--லாங்’ சேர்த்துப் பாருங்கள், 128 எம்பி வரை திரும்பிப் பார்த்துச் சுருக்கும்.

படி 8: விண்டோஸ் என்றால்

விண்டோஸ் சர்வரின் கோப்பு நகல் வசதியான டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷனைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வேலை பாதி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2-விலிருந்து உள்ள இந்த வசதி, கோப்பைச் சுருக்கியே அனுப்புகிறது, ஜிப், ஜேபெக், எம்பி3 போன்ற பின்னொட்டுகளை மட்டும் விட்டுவிடும். அதோடு ஆர்டிசி என்ற முறையில் 64 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். நீங்கள் தொட வேண்டியது ஸ்டேஜிங் அளவு, அதாவது அனுப்புவதற்கு முன் கோப்புகளைச் சுருக்கி வைக்கும் தற்காலிக இடத்தின் அளவு. இயல்பாக 4 ஜிபி. கோப்புறையில் உள்ள மிகப் பெரிய 32 கோப்புகளின் மொத்தம் அதில் அடங்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் அறிவுரை. அது சிறியதாக இருந்தால் சுருக்கி வைத்ததை எறிந்துவிட்டு மறுபடி சுருக்கும், செயலி ராத்திரி முழுக்க வெந்துகொண்டிருக்கும்.

விண்டோஸின் நகல் கட்டளையான ரோபோகாப்பி ஆட்களுக்கு, விண்டோஸ் சர்வர் 2022-விலும் விண்டோஸ் 11-லும் எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறைக்குள்ளேயே சுருக்கம் வந்துவிட்டது. ரோபோகாப்பியில் ‘/கம்ப்ரஸ்’ போட்டால் போதும், இரு பக்கமும் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் போடாமல், மெதுவான வயருக்கு மட்டும் போடுங்கள்.

படி 9: ஓடும்போது பார்ப்பது

நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது கடலூர் சர்வரில், எந்த நிரல் செயலியை எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையைத் திறந்து வையுங்கள். ஆர்சிங்க் வரி நூறு சதவீதத்தில் நின்றால் சுருக்கம் அதிகம், நிலையைக் குறையுங்கள். எஸ்எஸ்ஹெச் வரி நூறில் நின்றால் என்க்ரிப்ஷன் இழுக்கிறது, பழைய செயலியில் இது நடக்கும். இரண்டும் சும்மா இருந்து வயர் நிறைந்திருந்தால் நிலையைக் கூட்ட இடம் இருக்கிறது. மூன்றும் சும்மா இருந்து, மேலே ‘டபிள்யூஏ’ எண் (வட்டுக்காகச் செயலி காத்திருக்கும் நேரம்) மட்டும் ஏறி நின்றால் வட்டுதான் பாவம் திணறுகிறது, கம்ப்ரெஷனில் கைவைத்துப் பயன் இல்லை.

க்ரானில் போடும்போது ‘எஃப்லாக்’ கொண்டு ஒரு பூட்டு வையுங்கள், நேற்றைய ஓட்டம் முடியாமலே இன்றையது தொடங்கிவிடக் கூடாது. வாரம் ஒருமுறை ‘-சி’ செக்சம் (உள்ளடக்கத்தை ஒப்பிடும்) ஆப்ஷனையும் ‘-என்’ ஒத்திகை ஆப்ஷனையும், வேறுபடும் கோப்புகளின் பெயரைக் காட்ட ‘-வி’ ஆப்ஷனையும் சேர்த்து ஓட்டினால், எதையும் அனுப்பாமல் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று சொல்லிவிடும். இரண்டு பக்கமும் முழுதாகப் படிக்கும் வேலை என்பதால் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: புயல் நாள் ஸ்கிரிப்ட்

நம் கடற்கரைக்கு மட்டும் உரிய ஒரு படி. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி மழை கொட்டித் தீர்த்தது, அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைப் பிடித்தது. ஆக நம் இரண்டு சர்வரும் ஒரே புயலின் பாதையில் இருக்கின்றன. பக்கத்து ஊரில் இருக்கும் நகல், வட்டுப் பழுதுக்கும் திருட்டுக்கும் காப்பு. புயலுக்கு மூன்றாவது நகல் உள்நாட்டில், திருச்சியிலோ பெங்களூரிலோ, இருக்க வேண்டும்.

புயல் அறிவிப்பு வந்த அன்றைக்கு ஃபைபர் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். கையில் இருப்பது மொபைல் ஹாட்ஸ்பாட், யுபிஎஸ்ஸில் இன்னும் ஒரு மணி நேரம் என்ற நிலைக்கு ஏற்ப இன்னொரு ஸ்கிரிப்டை இப்போதே எழுதி வையுங்கள். அதில் எல்லாக் கோப்புறையும் வேண்டாம். டம்ப், இந்த மாதக் கணக்கு, சம்பளப் பட்டியல் போதும். படங்களும் பழைய ஸ்கேன்களும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவை.

அந்த ஸ்கிரிப்டில் நிலை 19 போடலாம். சாதாரண நாளில் 19 பைத்தியக்காரத்தனம், ஒரு கோருக்கு வினாடிக்குச் சில மெகாபைட் அளவுக்குத்தான் சுருக்கும். ஆனால் வயர் வினாடிக்கு அரை மெகாபைட்டுக்கு இறங்கிய நாளில் அந்தச் சில மெகாபைட்டே வயருக்கு மீந்துபோகும். யுபிஎஸ் பேட்டரியையும் கணக்கில் எடுங்கள், செயலி முழு மூச்சில் ஓடினால் பேட்டரி சீக்கிரம் தீரும். பெட்டி பழையது என்றால் 12-ல் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். ‘--டைம்அவுட்’ 60 வினாடி, இணைப்பு அறுந்தால் தானே மறுபடி தொடங்க ஒரு சுற்று, ‘--பார்ஷியல்-டிர்’ கட்டாயம்.

மழை இல்லாத ஒரு மாலையில் ஃபைபர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஹாட்ஸ்பாட்டில் இதை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். விபிஎன் ஹாட்ஸ்பாட் வழியே ஏறுகிறதா, சாவி சரியாக இருக்கிறதா, மூன்றாவது சர்வரில் ஆர்சிங்க் 3.2-க்கு மேலா என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். ஸ்கிரிப்டையும் கடவுச்சொல் இருக்கும் இடத்தையும் உங்களைத் தவிர இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.